நாள்காட்டியை வெட்டிய படம்

கடந்த தை மாதத்தில் ஒரு நாள் காலை, பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் நடைப்பயிற்சியை முடித்துக்கொண்டு வீடு திரும்பும் வழியில், என் உடம்பை ஒரு ஃபிளெக்ஸ் பதாகையில் கண்டேன். முகம் மங்கலாக்கப்பட்டிருந்தது. ஆனால், பின்னணியில் இருந்த எங்கள் வீட்டு இரும்பு பீரோவையும், அதன் கதவில் என் மகள் பள்ளிப் பருவத்தில் ஒட்டிய மயில் படத்தையும் அடையாளம் காண ஒரு நொடிகூடத் தேவைப்படவில்லை. இடப்பக்கம் தொந்தியுடன் நான். வலப்பக்கம் தொந்தி பெருமளவு கரைந்த நான். இரண்டுக்கும் நடுவே சிவப்பு எழுத்துகளில் ‘90 நாள்களில் மாற்றம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். அடியில் ஓர் உடற்பயிற்சிக் கூடத்தின் பெயரும், அங்கு விற்கப்படும் புரத மாவு டப்பாவின் படமும் இருந்தன.

அந்த இரு படங்களுக்கும் இடைப்பட்ட காலம் 14 மாதங்கள். முதல் படம் 2024 நவம்பர் 1 அன்றும், இரண்டாவது 2026 ஜனவரி 1 அன்றும் எடுக்கப்பட்டவை. இதை நினைவிலிருந்து சொல்லவில்லை. பீரோவுக்குப் பக்கத்தில் தினசரி நாள்காட்டி தொங்குகிறது. தேதி தெரியவேண்டும் என்பதற்காகவே அந்த இடத்தில் நின்று படம் எடுப்பது என் வழக்கம். பதாகையில் நாள்காட்டி இல்லை. மிகச் சரியாக அதன் விளிம்பில் படம் வெட்டப்பட்டிருந்தது.

படத்தில் வேறு எந்தத் திருத்தமும் செய்யப்படவில்லை என்பதையும் சொல்லவேண்டும். இடுப்பை ஒடுக்கவில்லை, தோளை அகலப்படுத்தவில்லை. படங்கள் இரண்டும் மெய். நடுவே எழுதிய வாசகம்தான் பொய். எடைக் குறைப்பு பெரும் வணிகமாக வளர்ந்துவிட்ட இந்நாளில், நம்முடைய சட்டங்களும் விதிகளும் போலிப் படங்களைப் பற்றி நிறையக் கவலைப்படுகின்றன. மெய்யான படத்தைக் கொண்டு சொல்லப்படும் பொய்யைப் பற்றி அந்த அளவுக்குக் கவலைப்படுவதாகத் தெரியவில்லை.

நான் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியன். படம் எடுத்துக்கொள்ளும் ஆசை இளமையிலேயே இருந்ததில்லை. 2024 அக்டோபரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 8.1 என்று வந்தது. எடை 86 கிலோ. இடுப்புச் சுற்றளவு 104 சென்டிமீட்டர். மருத்துவர் மாத்திரை எழுதினார், நடக்கச் சொன்னார், சோற்றைக் குறைக்கச் சொன்னார். கடைசியாக, ‘மாதம் ஒரு தடவை சட்டையில்லாமல் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். யாருக்கும் காட்டவேண்டாம்’ என்றார். அறுபதைக் கடந்தவனிடம் சொல்லும் யோசனையா இது என்று உள்ளூரச் சிரித்துக்கொண்டேன். ஆயினும் செய்தேன். மாதத்தின் முதல் நாள், காப்பிக்கு முன், அதே பீரோ, அதே குழல் விளக்கு, அதே தூரம், முன்பக்கம் ஒன்று, பக்கவாட்டில் ஒன்று.

அந்த யோசனையின் அருமை ஐந்தாவது மாதத்தில் புரிந்தது. 81 கிலோவுக்கு வந்த எடை அங்கேயே நின்றுவிட்டது. ஏழு வாரங்கள் முள் அசையவில்லை. எடை காட்டும் கருவி கொழுப்பை மட்டும் நிறுப்பதில்லை. நீர், தசை, எலும்பு, முந்தைய இரவு உண்டது என அனைத்தையும் சேர்த்தே நிறுக்கிறது. தசையிலும் கல்லீரலிலும் சேமிக்கப்படும் கிளைகோஜன் என்னும் மாவுப்பொருள், ஒரு கிராமுக்கு ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னுடன் பிடித்து வைத்துக்கொள்ளும். ஒரு கல்யாண விருந்து போதும், மறுநாள் முள் ஒரு கிலோ ஏறிவிடும். அது கொழுப்பன்று. அதே போல, கொழுப்பு குறைந்து தசை கூடும்போது முள் அசையாமலே உடம்பு மாறும். எனக்கு நேர்ந்தது அதுதான். மனம் தளர்ந்து நடையை விட்டுவிடலாம் என்று எண்ணியிருந்த ஒரு நாளில், மார்ச் படத்தையும் மே படத்தையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். வேட்டிக் கட்டுக்கு மேல் மடிந்திருந்த சதை மெலிந்திருந்தது. இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. அன்று அந்த இரண்டு படங்கள் இல்லாவிட்டால், தொடர்ந்து நடந்திருப்பேனா என்பது ஐயமே.

ஆகவே, உடல் மாற்றத்தைப் படமெடுத்து வைப்பது வெறும் தற்பெருமை என்று ஒதுக்குவோருடன் எனக்கு உடன்பாடில்லை. நாள்தோறும் கண்ணாடியில் காணும் உடம்பின் மெதுவான மாற்றத்தைக் கண் உணராது, மனமும் ஒத்துக்கொள்ளாது. நாட்குறிப்பு எழுதுகிறவர்களுக்கு இது தெரியும். ஆனால், நாட்குறிப்பு அதை எழுதியவரிடமே இருக்கும்வரைதான் நாட்குறிப்பு.

உடம்பைப் படமெடுப்பதும் அதை விற்பதும் ஒன்றாகப் பிறந்த இரட்டையர் என்பதை வரலாறு படித்தவன் மறுக்க முடியாது. 1867-இல் பிரஷ்யாவில் பிறந்த யூஜின் சாண்டோ, பளிங்குச் சிலைபோலத் தோன்றுவதற்காக உடலெங்கும் வெண்பொடி பூசிக்கொண்டு படத்துக்கு நின்றவர். அந்தப் படங்கள் அட்டைகளாக விற்றன. அவற்றின் புகழில் பயிற்சிக் கூடங்களும், பத்திரிகையும், உடற்பயிற்சிக் கருவிகளும் விற்றன. 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் அவர் நடத்திய உடலழகுப் போட்டியின் நடுவர்களுள் ஒருவர், ஷெர்லக் ஹோம்ஸைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில். 1905-ஆம் ஆண்டு வாக்கில் சாண்டோ இந்தியாவிலும் சுற்றுப்பயணம் செய்தார். அவர் பெயர் தமிழில் ஒரு பட்டமாகவே நிலைத்துவிட்டது. தேவர் ஃபிலிம்ஸ் நிறுவனரை ‘சாண்டோ’ சின்னப்பா தேவர் என்று அழைத்த தலைமுறைக்கு, அந்தச் சொல் ஒரு ஜெர்மானியரின் மேடைப் பெயர் என்பது தெரிந்திருக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. அன்றைய வெண்பொடியின் வேலையை இன்று விளக்கொளியும் கேமரா கோணமும் செய்கின்றன, வேறுபாடு அவ்வளவே.

கோணம் எவ்வளவு செய்யும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்த்தோம். தம்பி மகன் கைப்பேசியை எடுத்துக்கொண்டான். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு, வயிற்றைத் தளரவிட்டு, தோள்களைத் தொங்கவிட்டு, நேர் எதிரே விழும் வெளிச்சத்தில் நின்றேன். ஒரு படம். பிறகு வேட்டியைச் சற்று மேலே ஏற்றிக் கட்டி, சுவரில் கைகளை ஊன்றிச் சில தண்டால்கள் எடுத்து, ஜன்னலுக்குப் பக்கவாட்டில் நின்று, மூச்சை இழுத்து நெஞ்சை நிமிர்த்தினேன். இன்னொரு படம். இடைவெளி 22 நிமிடங்கள். இரண்டாவது படத்தில் ஐந்து கிலோ குறைந்தவனைப் போலத் தெரிந்தேன். நேர் வெளிச்சம் மேடு பள்ளங்களை அழித்துவிடும். பக்கவாட்டு வெளிச்சம் இல்லாத மேட்டையும் நிழலால் வரைந்து காட்டும். ‘பெரியப்பா, இதைப் போட்டால் ஆயிரம் லைக் வரும்’ என்றான் அவன். நல்லவேளையாகப் போடவில்லை.

படத்தால் இல்லாததைக் காட்ட முடிவது ஒரு புறம் இருக்க, இருப்பதைக் காட்ட முடியாமல் போவதுதான் இந்தியர்களுக்கு அதிக ஆபத்தானது. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வெளிவந்த ஒரு படம் மருத்துவ உலகில் புகழ்பெற்றது. புணே மருத்துவர் யாக்னிக், பிரிட்டன் மருத்துவர் யுட்கின் ஆகிய இருவரும் அருகருகே நிற்கிறார்கள். இருவருமே ஒல்லியானவர்கள். உயரத்துக்கேற்ற எடையைக் குறிக்கும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. ஆனால், உடற்கொழுப்பை அளந்தபோது யுட்கினுக்கு 9.1 சதவீதமும் யாக்னிக்குக்கு 21.2 சதவீதமும் இருந்தன. ஒரே எடைக் குறியீடு. பார்வைக்கு ஏறத்தாழ ஒரே தோற்றம். உள்ளே இரு மடங்குக்கும் மேற்பட்ட வேறுபாடு. ஒல்லியாகத் தெரியும் இந்திய உடலுக்குள், குடலையும் கல்லீரலையும் சூழ்ந்து படியும் கொழுப்பை எந்தக் கைப்பேசிக் கேமராவும் படமெடுக்காது.

பிஎம்ஐ என்பதே 19-ஆம் நூற்றாண்டின் பெல்ஜிய நாட்டுப் புள்ளியியலாளர் கெத்லேயின் கணக்கிலிருந்து வந்தது. அவருடைய நோக்கம் சராசரி மனிதனைக் கண்டறிவது. நோயாளியைக் கண்டறிவது அன்று. 2025 ஜனவரியில் ‘லான்செட்’ குழுமம் அமைத்த நிபுணர் ஆணையம், உடற்பருமனைத் தீர்மானிக்க பிஎம்ஐயை மட்டும் நம்பக் கூடாது, இடுப்புச் சுற்றளவு போன்ற மற்றோர் அளவையும் சேர்த்துப் பார்க்கவேண்டும் என்று பரிந்துரைத்தது. இந்திய மருத்துவ ஆராய்ச்சி மன்றம் நடத்தி 2023-இல் முடிவுகள் வெளியான நாடு தழுவிய ஆய்வு இதற்கு வலுச் சேர்க்கிறது. அதன்படி பொதுவான உடற்பருமன் உடையோர் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் உடையோர் 39.5 சதவீதம். இந்த இரண்டு எண்களுக்கும் இடையே நிற்கிறவர்கள், எடை மேடையில் தேறிவிட்டு இஞ்ச் டேப்பில் தோற்பவர்கள். தமிழ்நாட்டின் நிலையோ இன்னும் கவலைக்குரியது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் அதிக எடை அல்லது உடற்பருமன் உடைய பெண்கள் 40.4 சதவீதம், ஆண்கள் 37 சதவீதம். பத்துப் பேரில் நால்வர் என்ற நிலையில் இது தனிமனித ஒழுக்கப் பிரச்சினையன்று. பொதுச் சுகாதாரப் பிரச்சினை. அங்கேதான் விற்பனையும் கூடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் தொடர்பான ஆட்சேபகரமான விளம்பரங்களைத் தடைசெய்யும் சட்டம் 1954-இலேயே இயற்றப்பட்டது. எந்தெந்தக் குறைகளைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்யக் கூடாது என்று அதன் அட்டவணை பட்டியலிடுகிறது. அதில் நீரிழிவு இருக்கிறது, உடற்பருமனும் இருக்கிறது. உடம்பின் அமைப்பையோ இயக்கத்தையோ மாற்றக் கருதிய எந்தப் பொருளும் மருந்துதான் என்ற அளவுக்கு அச்சட்டத்தின் விளக்கம் அகலமானது. ஆனால், அந்த விளக்கத்திலேயே உணவுக்கு விலக்கு அளிக்கப்பட்டிருக்கிறது. புரத மாவு உணவு. அது உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழும், 2018-இல் வந்த உணவு விளம்பர ஒழுங்குமுறைகளின்கீழும் சேரும். உடற்பயிற்சிக் கூடமோ பொருளே அன்று, சேவை. அதற்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. தவறான விளம்பரத்துக்கு முதல் முறை பத்து லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் ஐம்பது லட்சம் ரூபாய் வரையிலும் அபராதம் விதிக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பு, உடல்நலம் குறித்துப் பேசும் சமூக ஊடகப் பிரபலங்கள் தங்கள் கல்வித் தகுதியை வெளிப்படுத்தவேண்டும் என்று 2023-இல் விதி செய்தது.

ஆக, சட்டம் இல்லை என்று சொல்ல முடியாது. மூன்று சட்டங்கள் ஒரே பதாகையைச் சுற்றி நிற்கின்றன. ஆனால், அவை அனைத்தும் வாசகத்தைப் படிக்கின்றன. ‘குணமாக்கும்’ என்று எழுதினால் பிடிக்கலாம். இரண்டு படங்களை அருகருகே வைத்து, ‘மாற்றம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் போட்டால், மிச்சத்தைப் பார்ப்பவரே தன் மனத்தில் எழுதிக்கொள்கிறார். ‘90 நாள்’ என்று எழுதிய அந்த உடற்பயிற்சிக் கூடம் உண்மையில் அனுபவமற்றது. தேர்ந்த வணிகர்கள் எண்ணே போடுவதில்லை.

வெளிநாடுகளிலும் இது முழுமையாகத் தீர்ந்தபாடில்லை. விளம்பரத்தில் உடலமைப்பு திருத்தப்பட்டிருந்தால் அதைக் குறிப்பிடவேண்டும் என்று பிரான்ஸ் 2017-இலும் நார்வே 2022-இலும் விதிகளை நடைமுறைக்குக் கொண்டுவந்தன. வரவேற்கத்தக்கவைதாம். ஆயினும், என் படத்தை அந்த விதிகளும் பிடித்திருக்காது. திருத்தப்பட்டது என் உடம்பன்று, காலம்.

இந்த வேளையில்தான் ஊசிகள் வருகின்றன. 2025 மார்ச்சில் மவுஞ்சாரோவும் ஜூனில் வெகோவியும் இந்தியச் சந்தைக்கு வந்தன. வெகோவியின் மூலமருந்தான செமாகுளுடைடின் இந்தியக் காப்புரிமை 2026 மார்ச்சுடன் முடிவதால், உள்நாட்டு நிறுவனங்களின் மலிவு வடிவங்களுக்கு வழி திறக்கிறது. இவற்றை நான் எதிர்க்கவில்லை. உண்மையில் தேவைப்படுவோர்க்கு விலை குறைவது நல்ல செய்தியே. 2021-இல் வெளிவந்த பெரும் ஆய்வில், 68 வாரங்களில் செமாகுளுடைடு எடுத்தவர்களின் எடை சராசரியாக 14.9 சதவீதம் குறைந்தது. வெற்றூசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். மருந்து வேலை செய்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், அதே ஆய்வின் தொடர்ச்சியை அறிந்தவர்கள் குறைவு. ஊசியை நிறுத்திய ஓராண்டில், இழந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி வந்துவிட்டது.

ஊசி மட்டுமன்று, கடும் பயிற்சியின் கதையும் இதுவே. ‘தி பிக்கெஸ்ட் லூசர்’ என்ற அமெரிக்கத் தொலைக்காட்சிப் போட்டி, முன்-பின் படங்களையே நாடகமாக்கிய நிகழ்ச்சி. அதன் போட்டியாளர்கள் 14 பேரை ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஆராய்ந்த முடிவுகள் 2016-இல் வெளிவந்தன. 13 பேருக்கு எடை மீண்டும் கூடியிருந்தது. நால்வர் போட்டிக்கு முன்பு இருந்ததைவிடக் கூடுதல் எடையுடன் இருந்தார்கள். ஓய்வு நிலையில் அவர்களின் உடல் செலவிடும் ஆற்றல், இயல்பாக எதிர்பார்க்கப்படுவதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைந்திருந்தது. உடம்பு தன் பழைய எடைக்குத் திரும்ப ஆண்டுக்கணக்கில் முயன்றுகொண்டே இருக்கிறது. ‘பின்’ என்று தலைப்பிட்ட படத்துக்கும் ஒரு பின் உண்டு. அதை யாரும் பதாகையில் அச்சிடுவதில்லை.

ஊசி பரவலாகும்போது, அதனால் இளைத்தவர்களின் படங்கள் உடற்பயிற்சிக் கூடத்தின், புரத மாவின், மூலிகைக் கஷாயத்தின் வெற்றிகளாகச் சுவரேறும். என்னுடைய பதாகையிலேயே அது நடந்தது. நான் நாளுக்கு இருவேளை மாத்திரை விழுங்குபவன் என்பது அந்தப் பயிற்சியாளருக்குத் தெரியும். அவர் விற்ற புரத மாவை நான் ஒரு கரண்டிகூட வாங்கியதில்லை. சுண்டலும் முட்டையுமே எனக்குப் போதுமானவையாக இருந்தன.

இதை ஒரு முதியவரின் மனக்குறையாக எண்ணி விட்டுவிட்டிருப்பேன். விடமுடியாமல் செய்தது, பதாகையைப் பார்த்து என்னைத் தேடி வந்த ஒரு சிறுவன். எங்கள் தெருக்காரன், பிளஸ் ஒன் படிக்கிறான். பீரோவும் மயிலும் அவனுக்கும் தெரிந்திருந்தன. ‘சார், 90 நாள்ல எப்படி சார் பண்ணீங்க?’ என்றான். பேச்சுக் கொடுத்தபோது, மூன்று வாரமாகக் காலையும் இரவும் சாப்பிடுவதில்லை என்றும், அம்மாவிடம் பள்ளியில் சாப்பிட்டுவிட்டதாகச் சொல்வதாகவும் தெரிந்தது. கைப்பேசியில் தினமும் இரண்டு முறை எடுத்த தன் படங்களைக் காட்டினான். நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் எனக்கு எந்த வேறுபாடும் தெரியவில்லை. அவனுக்குத் தெரிந்தது: நாளுக்கு நாள் தான் பருத்துக்கொண்டே போவதாக உறுதியாகச் சொன்னான். எனக்கு நடையைத் தொடரும் தெம்பைத் தந்த அதே பழக்கம், அவன் கையில் தன்னையே தண்டிக்கும் கருவியாகியிருந்தது.

2025 மார்ச்சில் கேரளத்தின் கண்ணூர் மாவட்டத்தில் ஓர் இளம்பெண், எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் மாதக்கணக்கில் உணவைத் தவிர்த்து இறந்த செய்தியை நாம் படித்தோம். அதே ஆண்டு ஜூலையில், இணையக் காணொலியைப் பின்பற்றிப் பழச்சாறு மட்டும் அருந்திவந்த ஒரு மாணவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் இறந்ததாகச் செய்தி வந்தது. இம்மரணங்களுக்கு முன்-பின் படங்களே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை. ஆனால், பதின்பருவப் பெண்களில் மூவரில் ஒருவருக்குத் தன் உடல் பற்றிய தாழ்வெண்ணத்தை இன்ஸ்டாகிராம் மேலும் மோசமாக்குகிறது என்று அந்நிறுவனத்தின் உள் ஆய்வே கண்டறிந்திருந்தது 2021-இல் அம்பலமானது. இந்தக் காற்றில்தான் நம் பிள்ளைகள் மூச்சு விடுகிறார்கள்.

பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கல். என் மனைவியும் என்னுடன் நடக்கிறவர்தான். நீயும் படம் எடுத்து வைத்துக்கொள்ளலாமே என்றேன். ‘போன் ரிப்பேருக்குக் கொடுத்தா எவன் பார்ப்பான்னு தெரியுமா?’ என்று கேட்டார். அவருக்கு வேறொரு முறை இருக்கிறது. மகள் கல்யாணத்துக்குத் தைத்த ரவிக்கையை மாதம் ஒரு முறை போட்டுப் பார்க்கிறார். எத்தனை கொக்கி மாட்ட முடிகிறது என்பதே கணக்கு. அவருடைய அச்சம் மிகையன்று. எக்ஸ் தளத்தின் ‘குரோக்’ செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பெண்களின் சாதாரணப் படங்களை ஆடை குறைந்த படங்களாக மாற்றிய கொடுமைக்காக, 2026 ஜனவரி முதல் வாரத்தில் மத்திய அரசு அந்நிறுவனத்துக்கு நோட்டீஸ் அனுப்ப நேர்ந்தது. உடுத்திய படத்துக்கே இந்தக் கதியென்றால், உடல் மாற்றத்தைப் பதிவுசெய்கிறோம் என்று படங்களை மேகச் சேமிப்பில் ஏற்றிக்கொள்ளும் செயலிகளை எவ்வளவு நம்பலாம்? 2023 எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்கள் முழுமையாகக் கட்டுப்பட 18 மாத அவகாசம் பெற்றிருக்கின்றன. ஒரு நோக்கத்துக்காகக் கொடுத்த தரவை வேறு நோக்கத்துக்குப் பயன்படுத்த மீண்டும் ஒப்புதல் பெறவேண்டும் என்பது அச்சட்டத்தின் அடிப்படை. என் படத்துக்கு அந்த ஒப்புதல் கேட்கப்படவில்லை.

தவறு என் பக்கமும் உண்டு. யாருக்கும் காட்டவேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். கடைசி ஆறு மாதம் நான் சேர்ந்திருந்த அந்த உடற்பயிற்சிக் கூடத்தின் பயிற்சியாளர், ‘எவ்வளவு குறைஞ்சிருக்குன்னு பார்ப்போம், அனுப்புங்க சார்’ என்று கேட்டபோது, பெருமை தாங்காமல் வாட்ஸ்ஆப்பில் இரண்டையும் அனுப்பிவைத்தவன் நானே.

எனது கோரிக்கை சிறியது. முன்-பின் படங்களை ஒரேயடியாகத் தடைசெய்யச் சொல்லவில்லை; அது நடக்கவும் நடக்காது. உணவானாலும், சேவையானாலும், மருந்தானாலும், அத்தகைய படங்களை விளம்பரமாக்குவோர் இரண்டு படங்களின் தேதியையும், அந்த இடைவெளியில் அந்நபர் எடையைப் பாதிக்கும் மருந்து எடுத்துக்கொண்டாரா என்பதையும், அவருடைய எழுத்துமூல ஒப்புதல் இருக்கிறதா என்பதையும் படத்தின் மீதே, படிக்கக்கூடிய அளவில் அச்சிடவேண்டும். 2022-இல் தவறான விளம்பரங்களைத் தடுக்க வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இதைச் சேர்த்துக்கொள்ள முடியும். புதிய சட்டம் தேவையில்லை. 18 வயதுக்குக் குறைந்தவர்களின் இத்தகைய படங்களுக்கு மட்டும் முழுத் தடை வேண்டும். அதில் சமரசத்துக்கு இடமில்லை.

மாநில அரசுக்கும் ஒன்று. 2021-இல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர்கள் வீடு தேடி வந்து ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், நல்ல திட்டம். 2023 நவம்பரில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதைகளும் தொடங்கப்பட்டன. அந்தப் பணியாளர்களின் பையில் ஓர் இஞ்ச் டேப்பும் இருந்து, ஆண்களுக்கு 90, பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்ற வரம்பும் ரத்த அழுத்தத்தைப் போல வீடுதோறும் பழகிய எண்ணாகிவிட்டால், பதாகையைப் பார்த்துத் தன் உடம்பை மதிப்பிடும் பழக்கம் ஓரளவாவது குறையும். தையல்காரரிடம் இருக்கும் கருவிதான்; விலை இருபது ரூபாய்.

என்னுடைய கணக்கையும் முழுமையாகச் சொல்லிவிடுகிறேன். பதாகையில் இல்லாத கணக்கு. 14 மாதங்களில் 86 கிலோ 77 ஆனது. இடுப்பு 104-இலிருந்து 91 சென்டிமீட்டருக்கு வந்திருக்கிறது. வரம்புக்கு இன்னும் ஒன்று மிச்சம். சர்க்கரையின் மூன்று மாதச் சராசரி 6.4. மாத்திரை தொடர்கிறது. நடுவில் இரண்டு மாதம் முழங்கால் வலியால் நடக்கவில்லை. தீபாவளிக்குப் பிறகு ஒன்றரை கிலோ கூடிப் பின் இறங்கியது.

உடற்பயிற்சிக் கூடத்துக்குச் சென்று பதாகையை அகற்றச் சொன்னேன். பயிற்சியாளர் சங்கடப்பட்டார், கெட்டவர் அல்லர். ‘முகத்தைத்தான் மறைச்சிட்டோமே சார்’ என்றார். ஓராண்டுக்குக் கட்டணம் வேண்டாம் என்றும் சொன்னார். நாள்காட்டியை ஏன் வெட்டினீர்கள் என்று கேட்டேன். டிசைன் செய்த பையன் வெட்டியிருப்பான், தனக்குத் தெரியாது என்றார். மறுநாள் மாலை பதாகை இறங்கியிருந்தது. இப்போது அது பக்கத்துத் தேநீர்க் கடையின் பின்புறத்தில் விறகை மூடிக் கிடக்கிறது.

அந்தச் சிறுவனின் தாயிடம் பேசி, இருவரையும் என் மருத்துவரிடம் அனுப்பிவைத்தேன். படங்களை அழித்துவிடு என்று மருத்துவர் சொல்லவில்லையாம். கைப்பேசியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்துத் தன் முன்னால் ஒரு படம் எடுத்தால் போதும் என்றாராம். அந்த மூன்று மாதம் சித்திரையில் முடிகிறது. இதற்கிடையில் காலை ஆறு மணிக்கு மைதானத்தில் என்னுடன் மூன்று சுற்று நடக்கிறான். முடிந்ததும் எங்கள் வீட்டில் இட்லி சாப்பிடுகிறான். முதல் வாரம் இரண்டு, நேற்று நான்கு.